யசோதரை வெளியே வரவில்லை

ஜெபராணி படிக்க நினைத்தது உளவியல். பட்டம் ஒன்று இருந்தால் தேனியில் ஏதாவது ஆஸ்பத்திரியில் கவுன்சிலர் வேலைக்கு முயற்சி செய்யலாம் என்று சர்ச்சில் யாரோ சொன்னார்கள். கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தொலைதூரப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோது, அங்கிருந்த பெண் பாடப் பட்டியலில் இடம் மாற்றி அமுக்கிவிட்டாள். ஒரு மாதம் கழித்து பார்சல் வந்தது. எல்லாப் புத்தகத்தின் அட்டையிலும் 'மெய்யியல்' என்று போட்டிருந்தது. அதாவது தத்துவம்.

மாற்ற வேண்டுமானால் அடுத்த வருடம்தான் முடியும் என்றார்கள். அவளுக்கு அழுகை வந்தது. கொத்தனார் வேலைக்குப் போகும் கணவன் வினோத்ராஜ் ஒரு புத்தகத்தை எடுத்து நாலு பக்கம் புரட்டிவிட்டு, "வந்தது வந்துருச்சு. படிச்சுத்தான் பாரேன்" என்றான்.

முப்பத்தெட்டு வயதில் அவள் அப்படித்தான் படிக்க ஆரம்பித்தாள். இரவில் ஒரு மணி நேரம் படிப்பாள். ஆனால் வாய்விட்டு யாரிடமாவது சொன்னால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். அதற்கு ஜீப் இருந்தது.

தினமும் காலை ஆறு மணிக்கு சேக் பரீத்தின் ஜீப் கம்பத்திலிருந்து பதினாறு பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும். மேலே, கேரளப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை. போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் ஜெபராணி, முந்தின நாள் படித்ததைச் சொல்வாள். முதலில் பக்கத்தில் இருந்த பிரின்சிக்கு மட்டும் சொன்னாள். பத்து நாளில் ஜீப்பே கேட்க ஆரம்பித்தது.

சாக்ரடீஸ் வந்த அன்று பெரிய சண்டை.

"செயில்லருந்து தப்பிச்சுப் போக ஆளும் இருந்துச்சு, வழியும் இருந்துச்சு. அப்பறமும் போகலையாக்கும்?" என்றாள் பிரின்சி.

"போகல. ஊருச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இத்தன வருசம் வாழ்ந்துட்டு, இப்ப எனக்கு ஆகலன்னு மீறுறது சரியில்லன்னாரு. வெசத்தக் குடிச்சிட்டாரு."

"பிள்ளைக எத்தன?"

"மூணு."

அதிகம் பேசாத சுபைதா மெதுவாகக் கேட்டாள்: "அவரு பொண்டாட்டிகிட்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாகளா?"

ஜீப் சிரித்தது. முன்னாலிருந்து சேக் பரீத் குரல் கொடுத்தார். "ஏக்கா, சட்டத்த மீறக்கூடாதுன்னு அவரு சொன்னது நெசம்னா, இங்கன ஏழு பேரு எறங்கணும். நம்ம பெர்மிட்டு ஒம்பது பேருக்குத்தான்."

அதற்கு அப்புறம் எபிக்டெட்டஸ் வந்தார். அடிமையாக இருந்தவர், கால் ஊனமானவர், நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்க்கச் சொன்னவர் என்று கேட்டதும் பிரின்சிக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. மழை நம் கையில் இல்லை, மழைக்கோட்டு இருக்கிறது. கங்காணி வாய் நம் கையில் இல்லை, நம் காது இருக்கிறது என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கண்ணால் கண்டதை மட்டுமே நம்பிய உலகாயதர்கள் வந்தபோது சேக் பரீத், அவர்கள் யாரும் பனிமூட்டத்தில் ஜீப் ஓட்டியதில்லை போலிருக்கிறது என்றார்.

இவர்களில் ஒருவரையும் விடாமல் எதிர்த்துக் கேள்வி கேட்டது ஒருத்திதான். முத்துலட்சுமி. ஐம்பது வயது. ஜீப்பின் பின்பக்கக் கடைசி சீட்டு அவளுடையது. அவளுக்கும் கணவர் சுருளியாண்டிக்கும் ஒரே மகள். தேன்மொழி. ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அது நடந்து மூன்று மாதத்தில் சுருளியாண்டி காவி கட்டிக்கொண்டு போய்விட்டார். பதினான்கு வருடம் ஆகிறது. 'சாமியாராப் போயிட்டாரு' என்பதை முத்துலட்சுமி சில நாள் பெருமையாகச் சொல்வாள், சில நாள் காறித் துப்புவது போலச் சொல்வாள்.

அதனால், புத்தர் பாடத்தை ஜெபராணி நாலு நாள் தள்ளிப்போட்டாள். பரீட்சை நெருங்கியதும் வேறு வழியில்லாமல் சொன்னாள். இளவரசன் நோயாளியைப் பார்த்தது, கிழவரைப் பார்த்தது, பிணத்தைப் பார்த்தது, பெண்டாட்டியும் பச்சைப் பிள்ளையும் தூங்கும்போது அரண்மனையை விட்டுப் போனது.

ஜீப் இரண்டு வளைவு தாண்டியது.

"அந்தப் பொம்பள என்ன ஆனா?" என்று கேட்டாள் முத்துலட்சுமி.

"அது... புத்தகத்துல இல்லக்கா. பேரு மட்டும் இருக்கு. யசோதரை."

"அவரு கெழவனப் பாத்தாரு, பொணத்தப் பாத்தாரு, எல்லாத்தையும் எழுதியிருக்கு. முழிச்சுப் பாத்தா பக்கத்துல ஆளக் காணாம்னு ஒருத்தி எந்திரிச்சாளே, அவளப் பத்தி ஒரு வரி இல்லையா? நல்ல படிப்புடி ஒம் படிப்பு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்கத் தோட்டத்தில் யாருடனும் பேசவில்லை.

ஜெபராணிக்கு மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அல்லிநகரத்தில் இருந்த படிப்பு மையத்துக்கு வகுப்புக்குப் போனபோது, பாடம் முடிந்ததும் அதை எடுத்த ஹுஸ்னா மேடத்தை நிறுத்திக் கேட்டாள். ஹுஸ்னா மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். ஏழு வருடம் கழித்து புத்தர் சொந்த ஊருக்கு வந்தாராம். ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. யசோதரை மட்டும் போகவில்லை. பார்க்க வேண்டுமென்றால் அவரே வரட்டும் என்று தன் அறையில் இருந்துகொண்டாள். புத்தர் அவளைத் தேடி அங்கே போனார். பௌத்தர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது இது.

திங்கட்கிழமை ஜீப்பில் ஜெபராணி இதைச் சொன்னாள். முத்துலட்சுமி கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அவ போகல. அவருதான் வந்தாரு" என்று ஒரு முறை சொன்னாள். அவ்வளவுதான்.

புரட்டாசியில் ஒரு நாள் சேக் பரீத் ஜீப்பை எடுக்கும் முன்பே பின்பக்கம் வந்து நின்றார். சுருளி அருவிக்கு ஒரு சவாரி போனதாகவும், அங்கே மண்டபத்துப் பக்கம் சுருளியாண்டியைப் பார்த்ததாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஆளு மெலிஞ்சு போயிட்டாக. ரெண்டு மாசமா அங்கனதான் இருக்காகளாம்."

சுருளி கம்பத்திலிருந்து அரை மணி நேரம். காசியும் திருவண்ணாமலையும் சுற்றியவர் இவ்வளவு பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார், வீட்டுக்கு வரவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சட்டையைப் பிடித்து இழுத்துவா என்றாள் பிரின்சி. தலைமுழுகு என்றாள் இன்னொருத்தி.

"நான் போகமாட்டேன். அந்தப் பொம்பள மாதிரி இருந்துக்கிறேன்" என்றாள் முத்துலட்சுமி.

மூன்று வாரம் அப்படியே இருந்தாள். நான்காவது சனிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் இறங்கிய பிறகு ஜெபராணியின் கையைப் பிடித்தாள்.

"ராணி, அவ ராசா வீட்டுப் பிள்ள. ஏழு வருசம் காத்திருந்தா. நான் பதினாலு வருசம் காத்துட்டேன், போதும். எனக்கு அவரு வேணாம். ஒரு கேள்வி மட்டும் கேட்கணும். நீ கூட வாரியா?"

மறுநாள் காலையில் சேக் பரீத் காசு வாங்காமல் இருவரையும் கூட்டிப்போனார். அருவியில் நல்ல தண்ணீர். சத்தம் தூரத்திலேயே கேட்டது. சுருளியாண்டி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரை தின்றுகொண்டிருந்தார். முத்துலட்சுமியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

ஜெபராணி பத்தடி தள்ளி நின்றாள். ஆனால் முத்துலட்சுமி பேசியது எல்லோருக்கும் கேட்கும் குரலில்.

"நான் சண்ட போட வரல. ஒண்ணு கேட்டுட்டுப் போயிருவேன். பதினாலு வருசம் தேடுனீகளே, என்ன கெடச்சுச்சு? எனக்கும் அதே பிள்ளதான் செத்துச்சு. ஒங்களுக்குக் கெடச்சதுல எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்குல்ல? சொல்லுங்க."

அவர் அப்படியே கீழே உட்கார்ந்தார்.

"ஒண்ணும் கெடைக்கல, முத்து. ஞானத்தத் தேடிப் போனேன்னு எல்லாரும் சொன்னாக. நானும் அப்படியே நெனச்சுக்கிட்டேன். நெசம் அது இல்ல. பிள்ள படுத்திருந்த எடத்த என்னால பாக்க முடியல. நீ அழுத. எனக்கு அழத் தெரியல. அதான் ஓடிட்டேன். போற எடத்துல எல்லாம் சாமின்னு கால்ல விழுந்தாக. எப்படித் திரும்பி வர்றது?"

முத்துலட்சுமி இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. பெரிய வேதாந்தம் ஏதாவது சொல்வார், நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம் என்றுதான் அவள் மலையடிவாரம் வரைக்கும் மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். இப்போது என்ன செய்வதென்று தெரியாமல், அவருக்கு எதிரே இருந்த கல்லில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

திரும்பி வரும்போது, "இப்ப என்னக்கா செய்யப் போற?" என்று கேட்டாள் ஜெபராணி.

"தெரியலடி. கோவம் போகல. ஆனா இத்தன வருசமும் அவரு ஏதோ ஒசந்த எடத்துக்குப் போயிட்டாரு, நாந்தான் இங்கன சேத்துல கெடக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் பாரு. அது போயிருச்சு."

சுருளியாண்டி வீட்டுக்கு வரவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. ஆனால் ஐப்பசியில் காவியைக் கழற்றிவிட்டு, ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துலட்சுமியின் வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார். அவள் யோசித்துவிட்டுத்தான் சரி என்றாளாம். அன்று தேன்மொழியைப் பற்றிச் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்ததாக ஜீப்பில் சொன்னாள். அவளுக்கு மறந்துபோன சிலது அவருக்கு ஞாபகம் இருந்ததாம்.

ஜெபராணி முதல் வருடப் பரீட்சையில் எல்லாத் தாளிலும் தேறினாள். பாடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று மையத்திலிருந்து போன் வந்தபோது, வேண்டாம், இதையே முடித்துக்கொள்கிறேன் என்றாள். வினோத்ராஜ் ஏன் என்று கேட்டதற்கு, "பொம்பளைகள விட்டுட்டு எழுதியிருக்காக. யாராவது கேட்டுக்கிட்டே இருக்கணும்ல" என்றாள்.

இரண்டாம் வருடப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, எதிர்ச் செருப்புக் கடையில் அவர்கள் இருவரையும் பார்த்தாள். சுருளியாண்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முத்துலட்சுமி பெட்டி பெட்டியாக இறக்கச் சொல்லி, அவரை ஒவ்வொன்றாகப் போட்டு நடந்துகாட்ட வைத்துக்கொண்டிருந்தாள். எதுவும் சரியில்லை போலிருக்கிறது. கடைக்காரரிடம் குரலை உயர்த்தி ஏதோ சொன்னாள். சுருளியாண்டி சிரித்தார். ஜெபராணி அவர்களைக் கூப்பிடவில்லை. புத்தகப் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.