பண்ணை எண் ஏழு

...ஆனால் இது அப்பாவின் கையெழுத்துதான், அந்த 'ழ'வின் வால் கீழே இறங்கி அடுத்த வரியின் தலையில் இடிக்கும், வேறு யாருக்கும் அப்படி வராது, அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். பண்ணை எண் ஏழு. நாலரை ஏக்கர், ஒரே கிணறு, ஆழம் நாற்பத்தொரு அடி, வடக்கு ஓரம் சரிவு, உழைப்பவர்கள் கணவன், மனைவி, பள்ளிப் படிப்பை நிறுத்திய மகன். இந்தப் பண்ணை இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும்? காரணங்களுடன் விளக்குக. நாற்பத்தொரு அடி என்றால், வடக்கே சரிவு என்றால், அது சித்தப்பாவின் நிலமில்லாமல் வேறு யாருடையது... மேசைக்கு அந்தப் பக்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பள்ளிப் படிப்பை நிறுத்திய அந்த மகன், இப்போது ஐம்பத்தெட்டு வயது, காகிதக் கட்டுகளுக்குச் சணல் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். லேத் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அக்காவுக்காகப் பெட்டி தூக்க வந்தவன். அப்பா விட்டுப்போன காகிதம் மொத்தம் பதினோரு பெட்டி. இந்தக் கல்லூரியில் வேளாண் பொருளாதாரம் என்று ஒரு பாடத்தைத் தொடங்கி வைத்ததே அப்பாதான், முதல் பேராசிரியர், அப்படியிருந்தும் நூலகத்தில் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் இடமாம், மீதியை மத்தியானத்துக்குள் பழைய பேப்பர் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு மனுஷனின் முப்பது வருஷத்தைப் பதினொன்றில் ஒன்றாக்கு என்றால் எதை எடுப்பது, எதை விடுவது?

அவள் பக்கத்தைப் புரட்டினாள். அடுத்தது பாடக் குறிப்பு, கரும்பலகையில் என்ன எழுத வேண்டும், எங்கே நிறுத்தி மாணவர்களைக் கேட்க வேண்டும், எல்லாம் வரி வரியாக. நடுவில் இறங்குமுகமாக ஒரு வளைந்த கோடு. அந்தக் கோட்டை வைத்துத்தான் பையன்கள் அவருக்கு 'வளைகோடு' என்று பெயர் வைத்தார்கள், வளைகோடு வருதுடா என்பார்கள், மகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பது தெரிந்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், அவளும் சிரிப்பாள். கோட்டின் அடியில்: பத்து ஆண்டு, அதற்குமேல் தாங்காது. ஓரத்தில் பென்சிலால், சின்னதாக: வகுப்பில் இது யாருடைய நிலம் என்று சொல்ல வேண்டாம். தேதியும் இருந்தது. அவள் விரல் விட்டு எண்ணினாள்... சித்தப்பா நிலத்தை விட்டு வெளியேறியதற்கு ஒன்பது வருஷம் முன்னால். ஒன்பது வருஷம்! வருஷம் தவறாமல் இரண்டு பஸ் நிறைய மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனார், சித்தப்பாவும் வரப்பில் நின்று கேட்டதற்கெல்லாம் வாய் நிறையப் பதில் சொன்னார், அண்ணன் காலேஜிலேயே நம்ம நிலத்தைப் பத்தித்தான் பேசறாங்க என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். என்ன பேசினார்கள் என்பதைப் பற்றி மட்டும் அப்பா மூச்சு விடவில்லை. ஏன்? சொன்னால் தம்பி மனசு உடைந்துவிடும் என்றா, இல்லை, பாடம் கையை விட்டுப் போய்விடும் என்றா... சித்தப்பா கடைசியில் ஒரு கிடங்கின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காவல் காத்தார், உள்ளே போகும் மூட்டைகளைத் தடவிப் பார்த்து ஈரம் சொல்வாராம், யாரும் கேட்காமலே. அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது அப்பா சொன்னதை அவள் மறக்கவில்லை. "முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா?" அதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியிருந்தது, பொய் சொல்கிறவருக்குக் குரல் கம்முமா...

"என்னக்கா, ரொம்ப நேரமா ஒரே தாளையே பாத்துட்டிருக்க?"

"ஒண்ணுமில்லடா, எழுத்து மங்கிப்போச்சு."

"எங்கப்பா பத்தி அதுல ஏதாவது இருக்குமா? பெரியப்பா பசங்களோட வந்தா நானுந்தான் கூடவே சுத்துவேன். கிணத்துல கயித்த விட்டு அளந்து காட்டினதே நான்தான்."

அளந்து காட்டியவனே இவன்தானா? பதினாறு வயதில், அரை டிராயரோடு, நாற்பத்தொண்ணு பெரியப்பா என்று கத்தியிருப்பான், அவர் குறித்துக்கொண்டிருப்பார். அவள் தாளைக் கவிழ்த்து வைப்பதற்குள் நூலகப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், எட்டிப் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான் மேடம், பண்ணை எண் ஏழு! இருக்கறதுலயே நல்ல பாடம் இதுதான்னு எங்க சார் சொல்லியிருக்கார். மொதல்ல இத வச்சிடுங்க."

"அது யாரோட பண்ணைக்கா?" என்றான் தம்பி, கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு.

"யாரோ... யாரோ ஒருத்தரோடது."

அவன் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டை எடுத்தான். அவன் எதையுமே இரண்டு தடவை கேட்கிறவனில்லை, கேட்டிருந்தால்தான் என்ன ஆகியிருக்கும், நிலம் திரும்பி வருமா, சித்தப்பா ஸ்டூலை விட்டு எழுந்து வருவாரா? கிழித்துப் போட்டுவிடலாம். வண்டிக்குப் போகும் கட்டில் செருகிவிடலாம். அவள் தாள்களை உருவினாள், கூடவே பின் குத்திய நாலு பக்கம் வந்தது, மாதிரி விடை என்று அப்பா சிவப்பு மையில் எழுதியிருந்தார், பெயர் இருந்த இடம் கத்தரிக்கப்பட்டிருந்தது, இருபதுக்குப் பத்தொன்பது. கையெழுத்து அவளுடையது. இருபது வயதில் எழுதியது. அந்த மதிப்பெண்ணுக்காக அன்று தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு நடந்ததுகூட நினைவிருக்கிறது, எழுதியது மட்டும் நினைவில் இல்லை, யாருடைய நிலமென்று தெரியாமல்தான் எழுதியிருப்பேன், கேள்வியில் வெறும் எண்தானே, எனக்கு எப்படித் தெரியும், அப்பா யாரிடமும் சொல்லவில்லையே... மூன்றாம் பக்கத்தில் அப்பா ஒரு வரியை அடிக்கோடிட்டுப் பக்கத்தில் 'அருமை' என்று எழுதியிருந்தார். அடியில் பாறை இருப்பதால் கிணற்றை இதற்குமேல் தோண்டியும் பயனில்லை. அவள் கேள்வித்தாளை எடுத்து மேலிருந்து படித்தாள். ஏக்கர், ஆழம், சரிவு, ஆட்கள். பின்பக்கம் திருப்பினாள். மறுபடி முன்பக்கம். பாறை என்று அதில் எங்குமே இல்லை.