பச்சை முன்னால் வந்த விமானம்

எதிரியின் விமானப்படை முழுவதையும் ஓர் இரண்டங்குலப் பிரஷ்ஷால் குழப்பித் திருப்பி அனுப்பியவன் தானே என்று ஐம்பது வருடமாகச் சொல்லிவந்த கோதண்டராமனை, காலை ஏழரை மணிக்கு ஐஸ் பெட்டிக்குள் இறக்கத் தூக்கினார்கள். தூக்கிய பிறகுதான் பெட்டிக்கு இடம் போதாது என்று தெரிந்தது. கண்ணாடி அலமாரி இடித்தது.

"அத யாரும் தொடாதீங்க, நானே நகத்தறேன்" என்று கால்பக்கம் பிடித்திருந்த மகன் சக்திவேல் கையை விட்டுவிட்டு ஓடினான்.

அலமாரிக்குள் அவன் ஒட்டிச் சேர்த்த போர்விமான மாடல்கள் நாற்பத்தொன்று இருந்தன. உள்ளங்கை அகலம்கூட இல்லாதவை, ஊசியைவிட மெல்லிய ஏரியல் கம்பி வைத்தவை. ஒன்றும் முறியாமல் அங்குலம் அங்குலமாக அவன் நகர்த்தி முடிக்கும்வரை, நான்கு பேர் அவன் அப்பாவை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திரும்பிப் பார்த்தபோதுதான் தான் செய்த காரியம் சக்திவேலுக்கு உறைத்தது. யாராவது திட்டியிருந்தால் தேவலை.

கோதண்டராமன் எழுபத்தொன்றாம் வருடப் போரின்போது வடக்கே ஒரு விமான தளத்தில் பெயிண்ட் அடிக்கும் வேலையில் இருந்தார். 'நாட்' என்ற குட்டி விமானத்தின் வாலில் மூவர்ணப் பட்டை தீட்ட வேண்டும். அந்தப் பட்டையில் காவி எப்போதும் விமானத்தின் மூக்கைப் பார்த்தே இருக்க வேண்டும். அப்படியென்றால் வாலின் இடப்பக்கத்தில் காவி இடது ஓரம், வலப்பக்கத்தில் வலது ஓரம். அவசரத்தில் அவர் பள்ளிக்கூடச் சுவரில் கொடி வரைகிறவரைப்போல இரண்டு பக்கமும் இடமிருந்து வலமாகவே அடித்துவிட்டார். வலப்பக்கத்தில் பச்சை முன்னால் வந்துவிட்டது. விமானம் அப்படியே மூன்று நாள் பறந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் யாராவது நம்பியிருப்பார்கள். நிறுத்துகிற ஆளா அவர்? பட்டையைப் பார்த்த எதிரி விமானி, இது பின்பக்கமாகப் பறக்கிற விமானம் என்று மிரண்டு திரும்பிவிட்டானாம். சக்திவேல் பிறந்தபோது மிரண்டது ஒரு விமானம். அவன் பத்தாவது படிக்கையில் நான்கு. அவனுக்குக் கல்யாணம் ஆனபோது ஒரு படையே. அவர் அளந்ததையெல்லாம் ஊர் மலைமேல் ஏற்றி வைத்தால் கார்த்திகைத் தீபக் கொப்பரைக்கு இடமிருக்காது. ஆசிரமத்துக்கு மௌனம் தேடி வருகிற வெள்ளைக்காரர்களையும் அவர் விடவில்லை. செங்கம் சாலை டீக்கடையில் அவரிடம் சிக்கியவர்கள் மறுநாளிலிருந்து எதிர்ச்சாரியில் நடந்தார்கள்.

சக்திவேல் தாலுகா ஆபீஸில் எழுத்தர். மாடல்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் அவன் பெயர் 'டெக்கல் ஜட்ஜ்'. விமானத்தின் எண்களையும் சின்னங்களையும் தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டுகிற மெல்லிய படங்களுக்கு டெக்கல் என்று பெயர். யாராவது ஒட்டிப் படம் போட்டால், வட்டம் அரை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, காவி கொஞ்சம் சிவந்துவிட்டது என்று தீர்ப்பு சொல்வான். ஆதாரப் புகைப்படம் இல்லாத எதையும் ஏற்கமாட்டான். அப்பாவிடம் புகைப்படம் இல்லை.

போன மாதம் அவன் ஒரு நாட் ஒட்டிக்கொண்டிருந்தான். வலப்பக்கம் பச்சையை முன்னால் வைக்கும்படி அப்பா சொன்னார். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை என்றான். மறுநாள் அவன் ஆபீஸிலிருந்து வருவதற்குள் அவரே டெக்கலை ஊறவைத்து, தலைகீழாகத் திருப்பி, வாலில் ஒட்டியிருந்தார். ஒரு குமிழ் இல்லை. மயிரிழை கோணல் இல்லை. சக்திவேல் செல்லோ டேப்பை அதன்மேல் அழுத்தி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உரித்தெடுத்து, காவி முன்னால் வருகிற வேறொன்றை ஒட்டினான்.

"நல்லாத்தானடா ஒட்டியிருந்தேன்" என்றார் அவர்.

அதோடு விட்டானா? கதையைச் சொல்லச் சொல்லி போனில் பதிவுசெய்தான். நான்கு நிமிடம். அவர் தொண்டையைச் செருமி, பெயர், ரேங்க் எல்லாம் சொல்லித்தான் ஆரம்பித்தார். 'இன்றைய நகைச்சுவை' என்று தலைப்பிட்டுக் குரூப்பில் போட்டான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் 'பச்சை முன்னால் தாத்தா' என்று பட்டமே கொடுத்தார்.

குரூப்பில் என்ன சொன்னார்கள் என்று அன்று சாயங்காலம் அப்பா கேட்டார்.

"எல்லாரும் அசந்துட்டாங்கப்பா."

மறுநாள் அவர் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். யாராவது சந்தேகம் கேட்டால் சொல்லத் தயாராக இருந்தார். அன்றிலிருந்து தினமும் கேட்டார், ஏதாவது கேட்டாங்களா என்று. நேற்று மார்வலியோடு ஆட்டோவில் ஏறும்போதும் கேட்டார். சக்திவேல் ஆட்டோக்காரரிடம் வழி சொல்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பத்து மணிக்கு ஜோதியம்மாள் மகனைக் கூப்பிட்டாள். புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுது ஓய்ந்திருந்தாள்.

"உன் குரூப்காரங்களுக்குச் சொல்லிட்டியாடா? அவ்ளோ பேரு மெச்சிக்கினாங்களே அவர."

சொல்லிவிட்டதாகத் தலையாட்டினான். என்ன எழுதியிருக்கிறார்கள், படி, சொந்தக்காரங்களும் கேட்கட்டும் என்றாள். அவன் படித்தான். ஆழ்ந்த இரங்கல். ஆத்மா சாந்தியடையட்டும். 'பச்சை முன்னால் தாத்தாவுக்குக் கடைசி சல்யூட்' என்பதைத் தாண்டிப் போனான். அதன் கீழே சிரிக்கும் முகங்கள் சிலவும் இருந்தன. விரல் வியர்த்துத் திரை நகரவில்லை. ஜோதியம்மாள் பக்கத்திலிருந்த நாத்தனாரிடம், பாத்தியா, எவ்ளோ மரியாதை என்றாள்.

பதினொன்றரைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பெயர் இராமலிங்கம், மணிலாக் கொட்டை பயிரிடுகிறவர், இறந்தவரோடு விமானப்படையில் இருந்தவர் என்று யாரோ சொன்னார்கள். மாலையைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தவரின் கண் அலமாரியில் விழுந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது எங்க நாட் மாதிரி கீது. ஆனா தப்பா கீதே."

"எதுங்க?" என்றான் சக்திவேல்.

"ரைட் சைடு. பச்சை இல்ல முன்னாடி வரணும்?"

மேளக்காரர்கள் வாசலில் ஓலைக்கு நெருப்பு மூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சக்திவேலுக்கு அந்த நேரத்திலும் டெக்கல் ஜட்ஜின் புத்திதான் வேலை செய்தது.

"அப்பா உங்ககிட்டயும் சொல்லிக் கீறாரா?"

"அவன் என்னத்த எங்கிட்ட சொல்றது? அன்னிக்கு ராத்திரி அவன் பெயிண்ட் அடிக்கறப்ப லாந்தர் புடிச்சவனே நான்தான். மூணு நாள் கழிச்சு ஆபீசர் கண்ல பட்டுச்சு. ரெண்டு பேரும் ஏழு நாள், ப்ளேன் நிறுத்தற ஹேங்கர் தரைய தேச்சோம்." குரலைத் தாழ்த்தினார். "வெக்கக்கேடு. எம் பொண்டாட்டிக்கே சொன்னதில்ல. ஆமா, இவன் வெளிய சொல்லிட்டானா?"

எல்லாரிடமும் சொன்னார் என்றான் சக்திவேல். எதிரிப் படை திரும்பிப் போன பகுதியையும் சொன்னான். பெரியவரின் தோள்கள் குலுங்கின. துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"அந்த மூணு நாளும் எங்க பக்கம் ஒரு காக்கா கூட வரலியேப்பா" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அத்த வுடு. பச்சை அடிச்சதையாச்சும் நம்புனாங்களா?"

சக்திவேல் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். பெரியவர் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மணிக்குப் பாடை கட்டி முடிந்தது. சக்திவேலைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈர வேட்டியோடு வந்தவன், கொள்ளிச் சட்டியை வாங்காமல், சன்னலில் வைத்திருந்த போனை எடுத்தான். பெரியப்பா, இந்த நேரத்தில் போன் என்ன போன் என்று அதட்டினார். அவன் குரல் பதிவுப் பொத்தானை அழுத்தினான். பறைச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சக்திவேல் பேசறேன். எங்கப்பா பேசினத நகைச்சுவைனு போட்டேன். அது தப்பு. அவரு பெயிண்ட் அடிக்கறப்ப லாந்தர் புடிச்சவர் இங்க வந்திருக்காரு. வலப்பக்கம் பச்சைதான் முன்னாடி. சிரிச்சதுக்கு உங்கள ஒண்ணும் சொல்லல. சிரிக்க வச்சது நான்."

விரலை எடுத்தான். போய்விட்டது. திரும்பினால், கதவைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள்.

"நகைச்சுவையா?" என்றாள். "ஏன்டா, அவங்க யாரும் நம்பலியா?"

பெரியப்பா கொள்ளிச் சட்டியை நீட்டினார். சக்திவேல் சட்டி தொங்கிய உறியைக் கையில் வாங்கினான். வறட்டிப் புகை முகத்தில் அடித்தது. தெருவில் பாடையைத் தோளுக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள்.

"நான்தாம்மா நம்பல" என்றான். "அது நடந்துதும்மா."