சரிவுமணிக்கு ஒரு வீடு

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. நான் ஒட்டுக்கேட்ட சண்டை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில், தங்கள் மென்பொருளை எந்த இணையதளத்தில் வைப்பது என்று இருவர் மல்லுக்கு நின்றார்கள். இருந்த சூட்டுக்குக் காதல் விவகாரம் என்றே முதலில் நினைத்தேன். மீதியை அந்த இருவரில் ஒருத்தியான ஸுமைராவே சொன்னாள். விட்டுப்போனதை நான் நிரப்பினேன்.

முதல் வரியாக எழுதியது: திறந்த மூல மென்பொருள் எனப்படுவது யாதெனில், எவரும்... (வேண்டாம். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

2

ஸுமைரா கட்டுகஸ்தோட்டைக்காரி. காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை. மிச்ச நேரத்தில், அன்று அவளோடு மல்லுக்கு நின்ற அஹ்னாபோடு சேர்ந்து ‘சரிவுமணி’யை எழுதினாள். தேயிலைத் தோட்டங்களில் தொண்டர்கள் மழையை அளந்து அனுப்புவார்கள். அளவு மீறினால், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் கைபேசிகளுக்கு மண்சரிவு எச்சரிக்கை போகும். அதன் நிரல்வரிகளை யாரும் வாசிக்கலாம், திருத்தலாம். ஆனால் அது இருந்ததோ ஒரு பெரிய கம்பனியின் தளத்தில்.

“பொதுச் சாமானக் கொண்டுபோய் கம்பனிக்காரன்ட ஊட்டுல வெச்சீக்கிறோம்,” என்றாள். தொண்டர்கள் நடத்தும் சின்னத் தளமொன்றில் அவளுக்குக் கண்.

“ஆள் வராத எடத்துல கதவத் தொறந்து வெச்சு என்னத்துக்கு, தாத்தா?”* என்றான் அஹ்னாப்.

(*இங்கே அக்காவைத்தான் தாத்தா என்பது. ஸுமைராவுக்குத் தாடி இல்லை.)

3

முதல் பிரதியில் அஹ்னாபை வில்லனாக்கி, கறுப்புக் கண்ணாடிகூட மாட்டியிருந்தேன். அடித்துவிட்டேன். அவன் பேச்சில் நியாயம் இருந்தது: பிழை திருத்த உதவிய பதினொரு பேரும் அந்தப் பெரிய தளத்தில் கிடைத்தவர்கள்.

“சரி, எஸ்ரன் சேரால எதுல திருத்த ஏலுமோ, அதுதான்,” என்றாள் ஸுமைரா.

எஸ்ரன் புசல்லாவைத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர். மழை அளப்பவர். எச்சரிக்கை வாக்கியத்தை மாற்றுங்கள் என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்.

4

சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் புசல்லாவைக்குப் போனார்கள். பெரிய தளம், கணக்குத் திறக்க முயன்ற எஸ்ரனிடம் படம் காட்டிப் புதிர் போட்டது; பிறகு குறுஞ்செய்தியில் வரவேண்டிய இலக்கம் வரவே இல்லை. சின்னத் தளம் உடனே திறந்தது. ஆனால் கணக்கை அங்கீகரிக்க இரண்டு நாள் ஆகும் என்றது.

“நான் மனுசன்தானான்னு மூணு வாட்டி கேட்டுருச்சுங்க மிஸ்,” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “போன மழைக்கு மெசேஜ் வந்துச்சு. ‘அபாயம், வெளியேறவும்’னு. எங்க வெளியேறுறது? சனங்க வாசல்ல நின்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. மண்ணு கடைசி லயத்துக்குப் பத்தடி மேல நின்னுச்சு. அதுவா நின்னுச்சு மிஸ்.”

ஸுமைராவுக்கு முகம் சுட்டது. மூன்று மாதமாகத் தளங்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டிருந்தாள். பதினான்கு நெடுவரிசைகள். எஸ்ரனுக்கு ஒன்றுகூட இல்லை.

“ஈமெயில் அனுப்புவீங்களா சேர்?” என்றான் அஹ்னாப்.

“வலயக் கல்வி ஒபிசுக்கு தெனமும் அனுப்புறேனே!”

கணக்கே இல்லாமல், மின்னஞ்சலிலேயே திருத்தங்களை ஏற்கும் தளம் ஒன்று இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை என்று அஹ்னாபே முன்பு ஒதுக்கியது. நிரல்வரிகளை அங்கே ஏற்றினான். எஸ்ரன் எழுதி அனுப்பினார்: ‘சாமான் எடுக்க நிக்காதீங்க. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு இப்பவே ஸ்கூலுக்கு வாங்க.’ அவர் பெயரிலேயே அது நிரல்வரிகளில் சேர்ந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஸுமைராவே சொன்னாள்: “பெரிய தளத்துலயும் ஒரு பிரதி ஈக்கட்டும். புது ஆக்கள் அங்கால வரட்டும்.”

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அடைமழை, செய்தி போகிறது, எல்லோரும் தப்புகிறார்கள். மற்றதில் சிக்னல் போய்... (அதை முடிக்கவில்லை.)

கதை நன்றாக முடியவேண்டும் என்பதற்காக அந்த லயங்களின் மேல் மண்ணை இறக்க எனக்கு மனம் வரவில்லை. மழை வரும்போது எஸ்ரன் அளப்பார். அவருடைய வாக்கியம் திருத்தத்துக்குத் திறந்தே இருக்கிறது. பயந்து நிற்கும் ஒருவரை இன்னும் சீக்கிரம் ஓடவைக்கும் சொல் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். நீங்கள் மனிதர்தானா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.