ஸம்றாவின் சாப்பாடும் உசாந்தினியின் வயிறும்

பாண்டிருப்பில் அம்மன் கோயில் சடங்கு நடந்துகொண்டிருந்தபோது, விரதமிருந்த உசாந்தினி பூசை நேரத்தில் ஓர் ஏப்பம் விட்டாள். அதில் மாட்டிறைச்சிப் புரியாணி மணத்தது. பக்கத்தில் நின்றவர்கள் முதலில் காற்றைத்தான் சந்தேகித்தார்கள். ஆனால் அன்று காற்று கடலிலிருந்து வீசியது, கடலில் யாரும் புரியாணி சமைப்பதில்லை. இரண்டாவது ஏப்பத்தில் வட்டிலப்ப இனிப்பும் சேர்ந்து மணத்ததும், தாய் கலாராணி மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். வாய் சுத்தமாக இருந்தது. விடிந்ததிலிருந்து மகள் எதையும் தொடவில்லை என்பது அவருக்கே தெரியும்.

"என்ன புள்ள இது?"

"ஸம்றாட மாமிக்கு இண்டைக்குக் கலியாணம்மா. அவ சாப்பிட்டிரிப்பா," என்றாள் உசாந்தினி.

ஸம்றா பக்கத்து ஊரான மருதமுனையைச் சேர்ந்தவள். அவளுடைய வாப்பா நிஸாம் கல்முனைச் சந்தையில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருந்தார். உசாந்தினியின் அப்பா குணம் கடலுக்குப் போகிறவர். இரண்டு பிள்ளைகளுக்கும் பாடசாலை வேறு, சீருடை வேறு, விடுமுறை நாட்களும் வேறு. ஆனால் கணக்கு இருவருக்கும் ஒரேமாதிரி வராமல் போனதால் கல்முனையில் ஒரே டியூசன் வகுப்பில், ஒரே வாங்குப் பலகையில் வந்து சேர்ந்தார்கள். இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டிகளை மாற்றிக்கொள்வது வழக்கமானது. அப்படி மாற்றி மாற்றிச் சாப்பிட்டுவந்ததில், ஒரு சனிக்கிழமை பெட்டிகள் மட்டும் வீடு திரும்பின, சாப்பாடு திரும்பவில்லை. அன்றிலிருந்து ஸம்றா எதைச் சாப்பிட்டாலும் உசாந்தினிக்கு வயிறு நிரம்பியது, உசாந்தினி சாப்பிட்டால் ஸம்றாவுக்கு. ருசி அவரவர் நாக்கில் நின்றது. சோறு மட்டும் ஊர் மாறியது. பிள்ளைகள் இதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். சொல்லவேண்டிய விசயமாக அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

டொக்டர் ஸம்றாவுக்கு ஒரு ரொட்டியைக் கொடுத்துவிட்டு உசாந்தினியை ஸ்கேன் பண்ணிப் பார்த்தார். ரொட்டி அங்கே இருந்தது. இருவருக்கும் விற்றமின் எழுதிக்கொடுத்து, உறைப்பைக் குறைக்கச் சொன்னார். பூசாரியார் யோசித்துவிட்டு, பிள்ளையின் வாயால் போகாதது விரதத்தை முறிக்காது என்றார். சில மாதங்கள் கழித்து மருதமுனையில் மௌலவியும், பிள்ளையின் வாயால் போகாதது நோன்பை முறிக்காது என்றார். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது.

மௌலவியிடம் கேட்கவேண்டி வந்தது நோன்பு மாதம் பிறந்ததால். ஸம்றா நோன்பு பிடித்தாள், அதனால் பகல் முழுக்க உசாந்தினிக்குப் பசித்தது. உசாந்தினி மத்தியானம் சோறு சாப்பிட்டாள், அதனால் நோன்பாளிக்கு வயிறு நிறைந்து நித்திரை வந்தது. மார்க்கப்படி சரி என்று தெரிந்தும் ஸம்றாவுக்கு மனம் ஆறவில்லை.

"வயிறு முட்ட நோன்பு பிடிக்கிற எனக்கு வெக்கமா இரிக்கிடி," என்று போனில் அழுதாள்.

"அப்ப நான் பகல்ல சாப்பிடல்ல. உன்ட பசிய நீயே வெச்சிக்க," என்றாள் உசாந்தினி.

பாண்டிருப்பில் ஓர் இந்துப் பிள்ளை இப்படித்தான் நோன்பு மாதம் முழுவதும் பகலில் சாப்பிடாமல் இருந்தாள். அந்தி நேரம் கடற்கரையில் வலையை உதறிக்கொண்டிருக்கும் குணம், வருகிற போகிற எல்லோரிடமும் "பாங்கு சொல்லிட்டாங்களா?" என்று கேட்கத் தொடங்கினார். அடுத்த சடங்கு வந்தபோது நிஸாம் பகலெல்லாம் இறைச்சி வெட்டி விற்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டார். உசாந்தினியின் விரதத்துக்காக ஸம்றா இறைச்சியை விட்டிருந்தாள். மகளுக்கு முன்னால் தான் மட்டும் இறைச்சி ஆணத்தோடு உட்கார அவருக்கு மனம் வரவில்லை. கடைக்கு வந்தவர்கள் அவர் மெலிந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

கலாராணிக்குச் சீக்கிரமே ஓர் உண்மை விளங்கியது. தன் மகளுக்கு எவ்வளவு ஊட்டினாலும் கொழுக்கப்போவது மருதமுனைப் பிள்ளைதான். ஆகவே ஸ்கூட்டியில் புட்டும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு போய், ஸம்றா தின்று முடிக்கும்வரை அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஸம்றாவின் உம்மா நபீலா அதே நேரத்தில் இடியப்பமும் சொதியும் கொண்டு பாண்டிருப்புக்குப் போய், உசாந்தினியை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். இருவரும் பெரிய வீதியில் எதிரெதிரே வரும்போது ஸ்கூட்டியை மெதுவாக்கி, "அங்க புள்ள சாப்பிட்டாவா?" என்று கேட்டுக்கொள்வார்கள். எந்தப் பிள்ளையைக் கேட்கிறார்கள் என்பதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

பிறகுதான் சண்டை வந்தது. ஸம்றா வாய் நிறைய இடியப்பத்தோடு, கண் பாதி மூடி நிற்கும் ஒரு படத்தை உசாந்தினி தன் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். வகுப்பு முழுக்கப் பார்த்துச் சிரித்தது. அன்று இரவிலிருந்து ஸம்றா சாப்பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை, பசித்தது உசாந்தினிக்கு. பசி தாங்காமல் உசாந்தினி கண்டதையெல்லாம் தின்றாள், தின்னத் தின்ன ஸம்றா வீங்கிச் சுவரைப் பிடித்து நடந்தாள். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. நிஸாம் அதட்டினார், நபீலா அழுதார். உசாந்தினி வகுப்பில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். அவளுக்கு ஏற்றிய சேலைன் மருதமுனையில் ஸம்றாவைத் திரும்பத் திரும்பக் கழிப்பறைக்கு ஓடவைத்தது. இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று டொக்டர் குணத்தை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சொன்னார்.

செய்தி பரவியதும் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடினார்கள். முஸ்லிம் பிள்ளை தமிழ்ப் பிள்ளையைப் பட்டினி போடுகிறது என்று ஒரு பக்கமும், தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் பிள்ளையை ஊதவைக்கிறது என்று மறுபக்கமும் கதை நடந்தது. கொழும்பிலிருந்து நல்லிணக்க நிறுவனமொன்று புறாப் படம் போட்ட பதாகையோடு வெள்ளை வான் வண்டியில் வந்து இறங்கியது. இரு சமூகங்களின் பல நூற்றாண்டு உறவு பற்றி நான்கு பேர் பேசினார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஓர் உத்தியோகத்தர் ஸம்றாவின் வீட்டுக்கு வந்து, மற்றச் சமூகத்தின் கலாசாரத்தில் எது அவளைக் காயப்படுத்தியது என்று கனிவாகக் கேட்டார்.

"கலாசாரம் இல்ல சேர். போட்டோ," என்றாள் ஸம்றா.

"சமய சம்பந்தமான போட்டோவா?"

"இடியப்பம், சேர்."

இதில் ஆழமான உட்பொருள் இருப்பதாக அவர் எண்ணிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவள் முஸ்லிம் என்பதால் கோபமா என்று உசாந்தினியிடம் கேட்டார். உசாந்தினிக்குப் பேசப் பெலன் இல்லை. இருந்தாலும் தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்கினாள்.

"அவ ஸம்றா என்டதால கோவம்," என்றாள். "ஒரு போட்டோக்கு இப்பிடிச் செய்யிற ஆள் உலகத்திலயே அவ மட்டுந்தான்."

அடுத்த நாள் காலை, கூட்டம் நடந்த மண்டபத்தைத் தாண்டி கலாராணி தன் ஸ்கூட்டியில் மருதமுனைக்குப் போனார். ஸம்றா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கலாராணி வழக்கம்போல எதிரே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். கெஞ்சவேண்டும் என்றுதான் வந்திருந்தார். அதற்குப் பதிலாகப் போனை எடுத்து ஸம்றாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இத உனக்குக் காட்டச் சொன்னா."

அது உசாந்தினியின் புது ஸ்டேட்டஸ். ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் நாடா ஒட்டி, மயிர் ஒரு பக்கம் குத்திட்டு நிற்க, கண்களை மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து நாக்கைத் தொங்கப்போட்டிருந்தாள். கீழே, 'பசிக்கிதுடி மாடு' என்று எழுதியிருந்தது. வகுப்பு முழுக்கப் பார்த்திருந்தது. ஸம்றா அதை வெகுநேரம் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு வீங்கிய வயிறு குலுங்க ஒரு சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது.

"என்ட படத்த அழிச்சிட்டாவா?"

"அழிச்சிட்டா புள்ள."

"எல்லாரும் பாத்த பொறகு," என்று சொல்லிக்கொண்டே ஸம்றா எழுந்து உட்கார்ந்து புட்டில் கையை வைத்தாள். கோபம் அன்றே தீரவில்லை, அதற்கு மேலும் ஒரு கிழமை எடுத்தது. ஆனால் பெட்டியைக் காலியாக்கினாள், பின்னர் நபீலா கொண்டுவந்த வாழைப்பழத்தையும் பாலையும் முடித்தாள். ஆஸ்பத்திரியில் உசாந்தினியின் கன்னத்தில் இரத்தம் ஏறுவதைப் பார்த்த தாதி சேலைனை நிறுத்தினார். மண்டபத்தில் ஐந்தாவது பேச்சாளர் பேசி முடித்ததும், எல்லோருக்கும் சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். நிறுவனம் பிறகு அச்சிட்ட சிற்றேட்டின் அட்டையில் கைகோத்து நிற்பவர்கள் வேறு யாரோ இரண்டு பிள்ளைகள், இவர்கள் இருவரும் படமெடுக்கச் சம்மதிக்கவில்லை.

அதன் பிறகு வருடங்கள் போயின. ஸம்றா ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குப் போனாள், உசாந்தினி கணக்கில் ஒருவழியாகத் தேறி வங்கியொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்னும் இரண்டு தடவை சண்டை பிடித்தார்கள், இரண்டு தடவையும் சாப்பிட்டுக்கொண்டே பிடித்தார்கள். போன வருடம் உசாந்தினிக்குத் திருக்கோவிலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வயல் பூமி உள்ள, நல்ல மனிதர்கள். மாப்பிள்ளையின் தாய் சுந்தரம்மா விசயத்தை முன்பே கேள்விப்பட்டிருந்தார். பிள்ளையைப் பார்த்தார், படிப்பை விசாரித்தார், பிறகு கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டு கலாராணியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மருதமுனைப் புள்ள நேரத்துக்குச் சாப்பிடுமா?"

"ஓம். கீரைய மட்டும் கொஞ்சம் ஒதுக்கும். மற்றப்படி நல்லாச் சாப்பிடும்."

"அப்ப பயமில்ல," என்றார் சுந்தரம்மா. அதற்குப் பிறகு மண்டபம் பிடிப்பது பற்றிக் கதைத்தார்கள்.