வீடு பார்க்க வரும் நாள்

ஆண்டுக்கு ஒருமுறை வகுப்பாசிரியை மாணவர்களின் வீடு தேடி வருவார். அவர் கையில் இருக்கும் படிவத்தின் கடைசியில் மூன்று கட்டங்கள்: சாதாரணம், ஆபத்து, பிரச்சினை. ஒன்றில் குறியிட்டு, வீட்டாரை வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போவார்.

பதினைந்து வயதில் எனக்குப் பேய்களைவிட அந்தக் கட்டங்கள்மேல்தான் பயம். அம்மா தொலைவில், ரயோங்கில் வேறு குடும்பத்தோடு இருந்தாள். "ஸ்கூல்ல ஒரு வார்த்தை தப்பா எழுதட்டும், அன்னிக்கே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று ஃபோனில் சொல்லியிருந்தாள். அவளுக்குப் பிடிக்காதது தனோம் சித்தப்பா. அப்பாவும் அவரும் ஐந்து வருடமாக லம்பாங்கில், எங்கள் வீட்டில், ஒன்றாக வாழ்ந்துவந்தார்கள். ஆணும் ஆணும் மணந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்த பிறகு பதிவுத் திருமணமும் செய்துகொண்டார்கள்.

ரச்சனி டீச்சர் வரும் அன்று, பள்ளி விட்டு வந்ததும் சித்தப்பாவின் செருப்புகளை அலமாரிக்குள் தள்ளினேன். திருமணப் படத்தைக் கழற்றினேன். நான் செய்வதையெல்லாம் சித்தப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

"சித்தப்பா, ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வரீங்களா?"

"ஒரு மணி நேரம் போதுமாடி, ஃபாங்? சாமான் நிறைய இருக்கே, லாரி வேணும்னா சொல்லு" என்றார். நான் சிரிக்கவில்லை. சந்தையில் அவர் பன்றி இறைச்சி சுடும் அடுப்பின் வாசனை சட்டையோடு என்னைக் கடந்து போனது.

லாரியோட்டியான அப்பா நாலு மணிக்கு வந்திருக்க வேண்டும். வழியில் நகோன் சவானில் டயர் வெடித்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். டீச்சர் வந்தபோது வீட்டில் நான் மட்டும்.

தண்ணீர் வைத்தேன். அவர் சுற்றிப் பார்த்தார்.

"அப்பா வாரத்துல எத்தனை ராத்திரி வெளியில?"

"மூணு, நாலு."

"அப்ப துணைக்கு யாரு?"

மின்விசிறி ஒரு முறை முழுதாகத் திரும்பி வந்தது. அவருடைய பேனா இரண்டாவது கட்டத்தை நோக்கி இறங்கியதைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது: ஒரு மனிதரை மறைத்து, நானே என்னை அநாதையாக்கிக் காட்டியிருக்கிறேன்.

"சித்தப்பா இருக்காரு, டீச்சர்."

"அப்பாவோட தம்பியா?"

ஆமாம் என்றால் முடிந்துவிடும்.

"இல்ல. அப்பாவோட... அப்பா கல்யாணம் பண்ணிக்கிட்டவரு."

தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு போய்விட்டது. டீச்சர் முகத்தில் ஒன்றுமே படிக்க முடியவில்லை.

"இப்ப எங்க?"

"நான்தான் போகச் சொன்னேன்."

"கூப்பிடு."

சித்தப்பா தெருமுனைக் கடையில்தான் உட்கார்ந்திருந்தார் போல, மூச்சு வாங்க வந்தார். கைகூப்பினார். டீச்சர் கேட்ட கேள்விகள் காய்ச்சலில் கிடக்கும்போது கேட்பதுபோல எனக்குக் கேட்டன. இரவில் கதவைப் பூட்டுவது யார்? இவளுக்கு உடம்புக்கு முடியாவிட்டால்?

"பென்சிலின் ஒத்துக்காது டீச்சர். போன மழையில ஆஸ்பத்திரில நாலு நாள் நான்தான் இருந்தேன். பூட்டறது அவதான், என்னை நம்ப மாட்டா."

டீச்சர் எழுதினார். படிவத்தைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு எழுதினார். எந்தக் கட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பேனாவிலிருந்து ரயோங் வரை எவ்வளவு தூரம் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வெளிய வாங்க, படம் எடுக்கணும்" என்றார்.

வாசலில் சித்தப்பா என்னிடமிருந்து இரண்டு அடி தள்ளி நின்றார். குரலைத் தாழ்த்தி, "இன்னும் தள்ளி நிக்கணுமா?" என்று கேட்டார்.

அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

"இங்கயே நில்லுங்க."