பெற்றவள் பக்கம் தீர்ப்பு

ஜெயிலை விட்டு வந்ததும் இளையவள் முதலில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது சொந்தக்காரர்களோடு அல்ல, ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலோடு. மேல்முறையீட்டில் அவள் குற்றமற்றவள் என்று தீர்ப்பானதும் கையோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். எச்.ஐ.வி. மாத்திரைகள் ஜெயில் அலமாரியிலேயே தங்கிவிட்டன. ஜெயிலிலிருந்து மாற்றல் சீட்டு வாங்கி வந்தால்தான் மருந்து என்றார் ஜன்னல்காரர். வெளியே போனவளுக்கு நாங்கள் ஏன் சீட்டு கொடுக்க வேண்டும் என்றார்கள் ஜெயிலில்.

கடைசியில், அவளை விடுவித்த சட்ட உதவி மையத்து வக்கீலம்மாதான் தலைமை டாக்டரின் அறை வாசலில் சட்டமாக உட்கார்ந்தார். "மருந்தைக் கொடுத்துட்டு சீட்டைத் தேடுங்க. நான் எங்கேயும் போகப்போறதில்ல" என்றார். மருந்து வந்தது. படியிறங்கும்போது வக்கீலம்மா சிரித்தார். "உனக்கு விடுதலை வாங்கினப்பகூட எனக்கு இப்படி மூச்சு வாங்கல."

மருந்துப் பையோடு இளையவள் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அவள் மகள். பால் மறக்காத வயதில் விட்டுப்போன பிள்ளை, இப்போது பள்ளிச் சீருடையில் நின்றது.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பார்த்ததும் முகம் வெளிறிப்போயிற்று. "சித்தி வந்திருக்காங்கடா" என்றாள் பிள்ளையிடம்.

அந்த ஒரு சொல்லில் இளையவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சமையலறைக்குள் போன பிறகுதான் வாயைத் திறந்தாள். "சித்தியா நான்?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? உங்கம்மா ஜெயில்ல இருக்கான்னு சொல்லி வளர்க்கவா? அப்படியே இருந்துட்டுப் போகட்டும். எனக்கும் ஒண்ணு பொறக்கல."

"நான் தப்பு பண்ணலன்னு கோர்ட்டே சொல்லிடுச்சுக்கா."

"நோய் இல்லன்னும் சொல்லிடுச்சா?"

கட்டிலுக்கடியில் கஞ்சாப் பொட்டலங்களை ஒளித்தவன் அவள் புருஷன். அவன் ஓடிப்போனான், அகப்பட்டவள் இவள். அவன் வேறென்ன விட்டுப்போனான் என்பது ஜெயிலில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. திட்டித் தீர்க்கலாமென்றால் அதற்குள் அவன் செத்தும் போயிருந்தான்.

துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் இஸ்திரி போடும் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நீராவியில் நின்று வெந்தாள். ஒற்றை அறை ஒன்று பிடித்தாள். பிறகு மையத்துக்குப் போய், பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட வேண்டும் என்றாள்.

வக்கீலம்மா அவளை உட்காரச் சொன்னார். "சட்டம் உன் பக்கம்தான். பிள்ளை யார் பக்கம்னு யோசிச்சியா?"

"என் வயித்துல பொறந்தது, மேடம்."

"அது அதுக்குத் தெரியாதே" என்றார் வக்கீலம்மா. ஆனாலும் வழக்கைப் போட்டார்.

அக்காவின் வக்கீல் எடுத்த எடுப்பிலேயே நோயைத்தான் தூக்கிப் போட்டார். டாக்டர் வந்து சாட்சி சொன்னார்: ஒழுங்காக மருந்து எடுக்கிறாள், ரத்தத்தில் கிருமி கண்ணுக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது, ஒரே வீட்டில் இருந்தால் யாருக்கும் தொற்றாது. நோயைக் காரணம் காட்டித் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க முடியாது என்றார் நீதிபதி.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை.

"இவ பால் குடுத்த பிள்ளைங்க இது. இவளுக்கு நோய்னு தெரிஞ்சதும் இடுப்புல தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஓடினேன். ஒண்ணும் இல்லைன்னு சொன்னா நம்பாம மறுபடி ஊசி குத்த வெச்சேன். ஒவ்வொரு தடவையும் முடிவு வர்ற வரைக்கும் நான் செத்துச் செத்துப் பிழைச்சேன். அதை எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?"

இளையவளுக்கு இது புதுச் செய்தி. அக்காவின் காலில் விழுந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, விழுந்தால் வழக்கு போய்விடும் என்றும் தோன்றியது. அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

தீர்ப்பு பெற்றவள் பக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை பெரியம்மா வீட்டுக்குப் போய்வரலாம். பெரியம்மா என்ற சொல்லை நீதிபதிதான் முதன்முதலாகச் சொன்னார். அது யாரென்று புரியாமல் பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தது.

ஒற்றை அறைக்கு வந்த மகள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள். ஆனால் முறை வைத்துக் கூப்பிடுவதை அடியோடு விட்டுவிட்டாள். அம்மாவும் இல்லை, சித்தியும் இல்லை. எல்லாம் மொட்டைப் பேச்சு. "தண்ணி வேணும்." "நாளைக்கு லீவு." சீருடையை இளையவள் கத்தி மடிப்பு வைத்துத் தேய்த்துக் கொடுத்தாள். மகள் அதை மாட்டிக்கொண்டு போனாள்.

ஒருநாள் மாத்திரையை விழுங்கும்போது மகள் கேட்டாள்: "இதைப் போடலன்னா செத்துருவீங்களா?"

மகள் தானாகக் கேட்ட முதல் கேள்வி. இளையவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. "ஆமாடா. அதான் மறக்காம போடுறேன். பயப்படாத."

"போடலன்னா எவ்வளவு நாள்ல?"

அதில் பயம் இல்லை என்பது அவளுக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. டம்ளரைக் கழுவி வைத்தாள். "வீட்டுப்பாடம் எழுது" என்றாள்.

மறுநாள் வக்கீலம்மாவிடம் அதைச் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்தார். "அக்காகிட்டயே திருப்பி விட்டுடறியா?"

"மாட்டேன்" என்றாள் இளையவள். "அவன் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டான். ஜெயில் மிச்சத்தை எடுத்துக்கிச்சு. இதையும் குடுத்துட்டு நல்லவள்னு பேர் வாங்க எனக்கு மனசு வரல, மேடம். நான் அவ்வளவு நல்லவ இல்ல."

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தானே எழுந்து, தானே தலை வாரிக்கொண்டு, செருப்போடு வாசலில் நிற்பாள். இளையவள் கூட்டிக்கொண்டு போனால், அக்கா தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயே காத்திருப்பாள்.

"இளைச்சிருக்கா" என்றாள் அந்த வாரம்.

"சாப்பிடத்தான் செய்யறா."

"சாயங்காலம் வா. மேல வர வேண்டாம்."

"சரிக்கா."

வீட்டுக்குப் போய்த் திரும்ப பஸ் காசு தண்டம் என்று எதிரிலிருந்த நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். பஸ்கள் வந்து நின்று போயின. கொஞ்ச நேரத்தில் மாடி ஜன்னலிலிருந்து ஒரு பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அது யார் சிரிப்பென்று அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. அவள் அதை அதுவரை கேட்டதில்லை.