உயிரோடு இருப்பவளின் சாதகம்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எனக்கு வேலை. வாடிக்கையாளர்களின் அடையாள அட்டைப் பிரதிகளையும் கடவுச்சீட்டுப் பிரதிகளையும் தேவை முடிந்ததும் மெஷினில் போட்டுத் தூளாக்குவது என் பொறுப்பு. ஆட்களின் விவரத்தைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. எங்கள் முதலாளி சட்டத்துக்குப் பயந்தவர். முன்பென்றால் எல்லாம் குப்பைக்குப் போகும், திருகோணமலைத் தெருக்களில் திரியும் மான்கள் வந்து மென்றுவிட்டுப் போகும்.

ஊரார் விவரத்தைத் தூளாக்கும் எனக்கு என் விவரத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. அது வருடக்கணக்காகக் கலியாணத் தரகர் அருளம்பலத்தின் அலுமாரியில் கிடந்தது. அம்மா அவரை நம்பி ஒரு விஷயம் சொல்லியிருந்தார்: எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி எடுத்தது. மனுசன் அதை என் சாதகப் பிரதியின் பின்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். கிளிவெட்டியில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க முதலே, "அந்த ஒப்பரேசன் பிள்ளையோ?" என்று கேட்டார்களாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அலுவலகத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. அங்கேயாவது நான் வெறும் லோஜினியாக இருக்க வேண்டும். நேரே அருளம்பலத்திடம் போனேன்.

"ஐயா, என்ர விவரம் முழுக்க அழிச்சுப்போடுங்கோ. இப்ப சட்டம் இருக்கு."

"மற்றதெல்லாம் அழிப்பன் பிள்ளை. சாதகத்தைக் கிழிக்க ஏலாது. ஆள் செத்தாத்தானே கிழிக்கிறது?"

"அதின்ர பின்பக்கத்திலதானே எழுதி வச்சிருக்கிறீங்கள்! தாங்கோ, நானே கிழிக்கிறன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார். நான் அங்கேயே கிழித்தேன். மற்றத் தரகர்களிடம் போன பிரதிகளையும் அழிக்கச் சொல்லும்படி கேட்டேன். பாவம், சொன்ன சொல் தவறாத மனுசன். தரகர்களின் வட்சப் குழுவில் அன்றே போட்டார்: 'திருகோணமலை லோஜினியின் சாதகம் கிழித்தாயிற்று. உங்களிடம் இருப்பதையும் கிழித்துவிடுங்கள்.' கீழே கும்பிடும் கைகள் வேறு. இரவோடிரவாக அது குழுவைத் தாண்டி எல்லார் போனுக்கும் போய்விட்டது.

அடுத்த நாள் விடிய வெருகலில் இருந்து பூரணி மாமி வந்து இறங்கினார். படலை வாசலிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டது. கதவைத் திறந்த என்னைக் கண்டதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"அப்ப ஏனடி சாதகத்தைக் கிழிச்சது?"

அதற்குள் பின்னால் இரண்டு ஓட்டோ வந்து நின்றன. குசினியில் சமையலை விட்டுவிட்டு ஓடிவந்த அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. வந்தவர்கள் எல்லாரையும் விட அவர்தான் பெரிதாக அழுதார்.

"உயிரோட இருக்கிறவளின்ர சாதகத்தைக் கிழிக்கிறதோ! என்ன வேலை பார்த்தனி நீ?"

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கனடாவில் இருந்து சொந்தக்காரர் ஒருவரின் அழைப்பு. "நான்தான் கதைக்கிறன், உயிரோட இருக்கிறன்," என்றேன். அழுகை நின்று, "அப்ப என்ன வருத்தம், என்ன நோய்?" என்று வந்தது. எல்லாருக்கும் அதே கேள்விதான். பதில் சொன்னால் எதை மறைக்கக் கிழித்தேனோ அதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாகக் கிடக்கிறேன் என்பார்கள். அறைக்கு இருந்தது ஒரு கதவு; அதற்கு வெளியே அவ்வளவு சனமும் நின்றது.

அருளம்பலத்துக்குப் போன் எடுத்தேன். "உயிரோட இருக்கிறா எண்டு ஒருக்கால் போடுங்கோ ஐயா!"

"போடலாம் பிள்ளை. படம், பேர், விலாசம் எல்லாத்தையும் திரும்ப அனுப்புங்கோ. நான் ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை. சட்டமெல்லோ."

போனைக் கட்டிலில் எறிந்தேன்.

வெளியில் ஒரு வான் வந்து நின்றது. யன்னலால் பார்த்தேன். மலர்வளையத்தோடு எங்கள் முதலாளி இறங்கினார். பின்னால் என்னோடு வேலை செய்யும் றிஷானா, அழுதழுது முகம் வீங்கிப்போய். அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருக்க எனக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்து போனேன்.

றிஷானா வீரிட்டுக் கத்தினாள். ஓடி வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "என்ன லோஜினி இது? உங்களுக்கு என்ன?"

நான் வாயைத் திறக்க முதல் அம்மா வந்து என் கையைப் பிடித்து எல்லாருக்கும் நடுவில் இழுத்து நிறுத்தினார்.

"என்ர பிள்ளைக்கு ஒண்டுமில்லை! கர்ப்பப்பையில கட்டி எடுத்தது, அவ்வளவுதான். பிள்ளை பிறக்குமெண்டு டொக்டரே சொன்னவர். நல்லாப் பாருங்கோ, உயிரோட நிக்கிறாள்!"

முதலாளி மலர்வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். றிஷானாவின் கண் ஒரு கணம் என் வயிற்றுக்குப் போய்த் திரும்பியது. பூரணி மாமி, "எங்களுக்கு அது எப்பவோ தெரியும்," என்று மூக்கைத் துடைத்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "இனி ஒருத்தரும் நீ செத்துப்போனாய் எண்டு சொல்லமாட்டினம்," என்றார்.

அவர் பிடித்த கையை நான் உதறவில்லை. உதறிவிட்டுப் போவதற்கு ஓர் இடமும் இருக்கவில்லை.